ஓடாவி அடைத்த சொட்டு

இந்த ஊரில் ஒரு கீசரில் கை வைக்கும் முன், அந்த வீட்டுக் குழாயைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து நாக்கில் வையுங்கள். விழுங்க வேண்டாம், துப்பிவிடுங்கள். வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். உப்பளத்தை ஒட்டிய தெருக்களில் தண்ணீர் கசக்கும். துறைமுகம் போகிற பக்கம் கரிக்கும். மேற்கே போகப் போகக் கரிப்பு குறைந்து, சுண்ணாம்பு தடவியதுபோல நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும். இப்போது பேனா மாதிரி ஒரு கருவி வந்திருக்கிறது, தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். அதையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எண் மறந்துபோகும், நாக்கு மறக்காது. எனக்கு இன்றைக்கும் சில தெருக்கள் பெயரால் நினைவில்லை, ருசியால்தான் நினைவிருக்கின்றன.

இந்த வெயிலூரில் கீசர் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எண்ணெய் தேய்த்த தலையோடு அவர்களை ஒரு நாள் நம் போர் தண்ணீரில் குளிக்கச் சொல்லுங்கள். சீயக்காய் நுரைக்காது, சோப்பு தயிராகத் திரியும், எண்ணெய் தலையை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடிக்கும். கொஞ்சம் சூடு காட்டினால்தான் இறங்கும். அந்தச் சூட்டில்தான் நம் பிழைப்பு. தண்ணீர் சூடாகும்போது அதிலிருக்கிற உப்பு, போக இடம் தெரியாமல், சூடாக்குகிற கம்பிச்சுருளான காயில் மேலேயே உட்கார்ந்துகொள்கிறது. கடலடியில் பவளப் பார் வளர்வதுபோல, தொட்டிக்குள் ஓசையில்லாமல் ஒரு பாறை வளர்கிறது. அதை உடைக்கத்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

எனக்குத் தோள் மூட்டு தேய்ந்துவிட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்கித் தொட்டி இறக்க முடியாது என்றானதும் பையை இறக்கி வைத்துவிட்டேன். காயில் மாற்றுவதும் உப்பு கழுவுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதையெல்லாம் சொல்லி உங்கள் பொழுதைக் கெடுக்க மாட்டேன். எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒரு கல்யாணக் காலை மட்டும்தான்.

கடற்கரைப் பக்கம் ஒரு வீடு. அந்த வீட்டுப் பெரியவர் ஓடாவி. வெளியூரிலிருந்து வந்து நம்மோடு சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: தோணி கட்டுகிற தச்சரை இங்கே ஓடாவி என்போம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கிற மயிரிழைச் சந்தில் எண்ணெயும் குங்கிலியமும் ஊறிய பஞ்சுத் திரியை வைத்து, மொட்டை உளியால் அடித்து இறுக்குவார்கள். அதற்குக் கலப்பத்து என்று பெயர். கலப்பத்து நன்றாக இருந்தால் சரக்கு நனையாமல் கரை சேரும், ஆட்களும் சேர்வார்கள். இவர் கலப்பத்து அடித்த தோணியில் தண்ணீர் இறைக்கிற ஆள் தூங்கலாம் என்று துறைமுகத்தில் பேச்சு உண்டு.

மகள் கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் என்னைக் கூப்பிட்டார். குளியலறைச் சுவரில் கீசர். அதன் அடியில் நிற்கிற சின்ன வால்விலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே சிமெண்டுத் தரையில் வெள்ளையாக ஒரு வட்டம்.

“என்னவே, இங்கன பாரும். ஒழுகுது.”

“ஒழுகல அண்ணாச்சி. அது சேஃப்டி வால்வு. தண்ணி சூடானா விரியும். விரிஞ்சது அது வழியாச் சொட்டும். சொட்டணும்.”

“சொட்டணுமா?”

“சொட்டணும்.”

“வீட்டுக்குள்ள ஒரு சாமானு சொட்டிக்கிட்டே இருக்கணும்ங்கீரு.”

அழுத்தம், விரிவு, பாதுகாப்பு என்று எனக்குத் தெரிந்த பாடத்தை முழுக்கச் சொன்னேன். அவர் கேட்டார். ஆனால் கண் சொட்டின் மேலேயே இருந்தது.

“உமக்குத் தெரியாதுவே. இந்தச் சத்தம் காதுல விழுந்தா எனக்கு ஒறக்கம் பிடிக்காது. தோணிக்குள்ள இந்தச் சத்தம் கேட்டா எந்திரிச்சு ஓடுன ஆளு நான்.”

மணப்பாட்டிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருந்த அவருடைய தங்கை, வாசலில் நின்று சிரித்தார். “அண்ணன் கண்ணீர் விட்டாக்கூட அதை அடைக்கத்தான் பார்க்கும்.”

வீடு நிறைய ஆட்கள். தொட்டியை இறக்கிக் கழுவ அது நேரமில்லை. ஒரு வாளியை அடியில் வைத்தேன், கல்யாணம் முடிந்ததும் வந்து திறந்து பார்க்கிறேன் என்றேன்.

“சரி, நீரு போம். நான் பாத்துக்கிடுதேன்.”

இந்தச் சொல்லை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கைத்தொழில் தெரியாதவர் ‘நான் பாத்துக்கிடுதேன்’ என்றால் ஒன்றும் நடக்காது. வாளி நிறையும், வழியும், அவ்வளவுதான். கை தேர்ந்தவர் சொன்னால் அன்றே ஏதோ ஒன்று நடந்துவிடும்.

கல்யாணத்தன்று காலையில் போன் வந்தது. மணப்பாட்டிலிருந்து வந்திருந்த அந்தத் தங்கைதான், எனக்கு அக்கா முறை.

“தம்பி, கீசர் பேசுது.”

“என்ன பேசுது?”

“மொதல்ல மொனங்கிச்சு. இப்ப வெறும் சட்டில அரிசி வறுக்க மாதிரி பொரியுது. நடு நடுவுல ஒரு குத்து.”

“அடியில வாளி இருக்குல்லா, சொட்டுதா?”

“வாளி எதுக்கு? அன்னைக்கு நீங்க போன கையோட அண்ணன் கலப்பத்து அடிச்சிட்டுதுல்லா. பொட்டுத் தண்ணி வரல.” குரலில் பெருமை இருந்தது.

சுவிட்சை அணையுங்கள், யாரையும் குளியலறைக்குள் விடாதீர்கள் என்றேன்.

“உள்ள ஜெனி இருக்காளே.”

ஜெனி என்பது கல்யாணப் பெண்.

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். நல்லவேளை, அடுத்த தெருவுக்கு அடுத்த தெரு. பந்தலில் சீரியல் விளக்கு, பின்கட்டில் பிரியாணி அண்டா, கூடத்தில் வீடியோக்காரர். மாப்பிள்ளை வீட்டார் சாகுபுரத்திலிருந்து வேனில் கிளம்பிவிட்டார்கள் என்று யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓடாவி கோயிலுக்குப் போயிருந்தார், பூ அலங்காரத்தைப் பார்க்க.

அக்கா சுவிட்சை அமுக்கியிருந்தார். ஆனால் அந்தச் சுவிட்சின் சிவப்பு விளக்கு எப்போதோ செத்துவிட்டது. அமுக்கி அணைத்தாரா, அணைந்திருந்ததைப் போட்டாரா என்று அவருக்கே சந்தேகம். நான் மின்பெட்டியைத் திறந்து அந்த லைனையே இறக்கினேன். கூடத்து மின்விசிறியும் சேர்ந்து நின்றது. வீடியோக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தார்.

பொரிகிற சத்தம் நிற்கவில்லை. கரண்டு போன செய்தி கொதிக்கிற தண்ணீருக்கு உடனே போய்ச் சேராது. உள்ளே என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. உப்பு மூடிய தெர்மோஸ்டாட்டுக்குச் சூடு தெரியவில்லை. தண்ணீர் கொதிநிலையைத் தாண்டிவிட்டது. ஆவியாகிப் போக வழியில்லை. இருந்த ஒரே வழியில் இந்த ஊரின் மிகச் சிறந்த கலப்பத்து உட்கார்ந்திருந்தது. அதற்கு நேர் கீழே, தலையில் எண்ணெயும் சீயக்காயுமாக, ஒரு பெண்.

இந்த இடத்தில் உங்கள் கை என்ன செய்ய நினைக்கும்? கதவைத் தட்டிக் கத்த நினைக்கும். எனக்கும் வாய் வரை வந்தது. ‘வெடிக்கப்போகுது, ஓடியா’ என்றால் அவள் பதறுவாள். தரை முழுக்க எண்ணெய், வழுக்கும். கண்ணில் சீயக்காய், அதைக் கழுவக் கை முதலில் குழாயைத்தான் தேடும். சிவப்புக் குழாயைத் திருகினால் வருவது தண்ணீராக இருக்காது, முகத்தில் அடிக்கிற ஆவியாக இருக்கும். கதவை உடைக்கலாமா? கதவுச் சட்டமும் தொட்டி தொங்குகிற சுவரும் ஒன்று. அதில் இடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அவள் தானாக வர வேண்டும். பதறாமல் வர வேண்டும், குழாயைத் தொடாமல் வர வேண்டும். இப்போதே வர வேண்டும். முன்பின் தெரியாத ஓர் ஆண்பிள்ளை, கல்யாணப் பெண் குளிக்கிற கதவுக்கு வெளியே நின்று இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

அக்காவைத் தனியே இழுத்து, விஷயத்தைக் காதோடு சொன்னேன். “கீசர்ங்கிற பேச்சே எடுக்காதீங்க. அவளா வெளிய வரணும்.”

“உள்ள போனான்னா வானத்துச் சம்மனசு எக்காளம் ஊதினாலும் வரமாட்டா தம்பி.”

அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் ஒரு மூச்சுதான் யோசித்தார். பிறகு கதவை, பக்கத்து வீட்டில் காப்பித்தூள் கேட்கப் போனவர் மாதிரி, விரலால் தட்டினார்.

“ஏளா ஜெனி, டேங்க்ல தண்ணி இல்ல. குழாயைத் திறக்காத. வாளித் தண்ணியை வச்சுக்க.”

“என்ன அத்தை, இப்பத்தான் சீயக்காயே போட்டிருக்கேன்.”

“நீ குளி, ஒன்னும் அவசரமில்ல. டெய்லர் பிளவுஸ் குடுத்து விட்டிருக்கான். அதைச் சொல்லத்தான் வந்தேன். கை கொஞ்சம் ஏறாது போலிருக்கு.”

உள்ளே கப் கீழே வைக்கப்படுகிற சத்தம்.

“எந்தக் கை?”

“ரெண்டும்தான். அதுக்கென்ன, மேல ஒரு சால்வையைப் போட்டுக்கிட்டாப் போச்சு.”

தாழ்ப்பாள் விலகிய வேகத்தை நான் எந்த மெக்கானிக்கிடமும் பார்த்ததில்லை. நனைந்த நைட்டிக்கு மேல் துண்டு, நெற்றியில் வழிகிற சீயக்காய், ஒற்றைக் கண் திறந்திருக்க ஜெனி வெளியே வந்தாள்.

“எங்க பிளவுஸ்? எங்க அவன்?”

“அங்கன வா, காட்டுதேன்” என்று அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார் அக்கா. நான் கதவைச் சாத்தி வெளியே கொண்டி போட்டேன். பின்கட்டிலிருந்து, பிளவுஸுக்கு ஒன்றுமே இல்லை என்று தெரிந்த ஜெனி அத்தையைத் திட்டுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு இனிமையான வசவை நான் கேட்டதில்லை.

எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். எந்தக் கதவு எந்தச் சொல்லுக்குத் திறக்கும் என்று அறிந்தவர். உங்கள் பையில் எத்தனை ஸ்பேனர் இருந்தாலும் அந்தத் தாழ்ப்பாளுக்கு அளவு இருக்காது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் யார் என்று பார்த்து வையுங்கள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஓடாவி வந்துவிட்டார்.

பட்டு வேட்டி, புதுச் சட்டை. யாரோ வாசலிலேயே சொல்லிவிட்டார்கள், கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பார்கள். நேராகப் பின்கட்டுக்குப் போனார். திரும்பும்போது ஒரு கையில் உளி, ஒரு கையில் கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியல்.

“தள்ளும்வே. நான் அடிச்ச கலப்பத்து. நானே பிடுங்குதேன்.”

உள்ளே போய் அதைப் பிடுங்கினால் முதலில் வெளிவருவது அவர் முகத்தில்தான் வரும். சம்பந்திகள் வருகிற நேரம், சொந்தக்காரர்கள் வட்டமாக நிற்கிறார்கள். அத்தனை பேர் முன்னால் ‘நீங்கள் செய்தது தப்பு’ என்று சொன்னால் அந்த மனிதர் என்னைத் தூக்கி எறிந்துவிட்டு உள்ளே போவார். தப்பைச் சரிசெய்யத் துடிக்கிறவரைப் பிடித்து நிறுத்துவது, தப்பு செய்கிறவரை நிறுத்துவதைவிடக் கஷ்டம். கதவில் முதுகை வைத்துச் சாய்ந்துகொண்டேன். அவர் கையிலிருந்த கொட்டாப்புளியைப் பார்த்தேன். அதிலிருந்து வந்தது பேச்சு.

“அண்ணாச்சி, எனக்கு ஒரு சந்தேகம். தோணி மேல்தட்டைச் சுத்தி ஓரப் பலகை அடிக்கியள்ல, அதுக்கு அடியில அங்கங்க துளை விடுதியளே. அது எதுக்கு?”

“இது இப்ப எதுக்குவே?”

“சொல்லுங்க.”

“அலை ஏறி விழுந்தா தண்ணி வெளிய போவாண்டாமா? போகலைன்னா தோணி தலை கனத்துச் சாஞ்சிரும்லா.”

“அந்தத் துளையை ஒருத்தன் நல்லாக் கலப்பத்து அடிச்சு அடைச்சுட்டாம்னு வைங்க.”

“எவன்? அவன் கையை முறிச்சு…” என்று சிரித்தவர், பாதிச் சிரிப்பில் நின்றார்.

கதவுக்குப் பின்னால் தொட்டி ஒரு குத்துக் குத்தியது. அவர் அதைக் கேட்டார். கொட்டாப்புளி மெல்லக் கீழே இறங்கியது.

“அதுவா இது?”

“அதான் இது.”

“இப்படி அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன்வே அதுல கை வைக்கேன்?”

என் பாடத்தை என் பாஷையில் சொல்லிவிட்டுப் போனவன் நான். அவருக்கு அது தெரியாத விஷயமே இல்லை. தன் கையாலேயே நூறு துளை விட்டவர். எந்தத் துளை என்று காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

“இப்ப என்ன செய்யணும்?”

“ஒன்னுமே செய்யக் கூடாது. தானா ஆறணும்.”

வேலை தெரிந்த கைகளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. உளியை ஜன்னலில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

இதற்கிடையில் ஜெனியின் தலை காய்ந்துகொண்டிருந்தது. எண்ணெயும் சீயக்காயும் சேர்ந்து பசையாகி இறுகத் தொடங்கிவிட்டது. பச்சைத் தண்ணீரில், அதுவும் போர் தண்ணீரில், அது இறங்காது. வீட்டிலிருந்த ஒரே வெந்நீர் பிரியாணி அண்டாவில் கொதிக்கத் தொடங்கிய உலைதான். சமையலுக்கென்று பிடித்து வைத்திருந்த ஆற்றுத் தண்ணீர்.

“அரிசி போடப்போறேன். பட்டை, ஏலம் எல்லாம் போட்டாச்சு” என்று அண்டாவுக்குக் குறுக்கே நின்றார் சமையல்காரர்.

“உப்பு போட்டியா?” என்றார் அக்கா.

“இன்னும் இல்ல.”

“பொறவு என்ன? வாளில மோந்து குடு.”

அந்தத் தலைக்கு அப்படி ஒரு நுரை வந்ததாம். “அத்தை, ஆத்துத் தண்ணின்னா இதுதானா, முடி சொன்ன பேச்சுக் கேக்குதே” என்றாளாம் ஜெனி. திருப்பலி நடந்துகொண்டிருக்கும்போதே தனக்கு ஏன் அப்படிப் பசித்தது என்று மாப்பிள்ளை பின்னால் பல பேரிடம் கேட்டிருக்கிறார்.

எல்லோரும் கோயிலுக்குப் போனார்கள். நான் போகவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் குளியலறைக் கதவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டேன். என் வேலைக் காலத்தில் நான் கேட்ட மிக நீளமான சங்கீதம் அது. பொரிகிற சத்தம் தளர்ந்து முனகலானது. முனகல் தளர்ந்து, உலோகம் சுருங்குகிற ‘டிக்’ ஆனது. டிக்குக்கும் டிக்குக்கும் நடுவே இடைவெளி வளர்ந்தது. அந்த இடைவெளியில் கோயில் மணி கேட்டது, தெருவில் ஐஸ்காரர் போனார், ஒரு காகம் பந்தலில் உட்கார்ந்து எழுந்தது. கருவிகளைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருப்பதும் நம் வேலையில் ஒரு பகுதி. அதற்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.

விருந்து முடிந்த பிறகு, தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். குழந்தையின் நெற்றிச் சூடு. ஓடாவியைக் கூப்பிட்டேன். அவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். அவர் அடைப்பை அவரே எடுக்கட்டும் என்று நான் நகர்ந்து நின்றேன். லேசில் வரவில்லை. குங்கிலியம் கல்லாகியிருந்தது, திரி திரியாகப் பிரித்தார். கடைசித் திரி வந்ததும் மூச்சு விட்டதுபோல ஒரு சின்ன ‘உஸ்’. பிறகு ஒரு சொட்டு விழுந்தது.

வாசலில் கல்யாணப் பெண், மாப்பிள்ளை, அக்கா, சமையல்காரர், எல்லோரும் அந்தச் சொட்டைப் பார்த்தோம். இன்னொன்று விழுந்தது.

“நல்ல அடைப்பு அண்ணாச்சி,” என்றேன். “நான் பார்த்ததிலேயே இதுதான் நல்ல அடைப்பு.”

“ஆமாவே,” என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடும் கொஞ்சம் மறைக்க முடியாத சந்தோஷத்தோடும்.

தொட்டியைத் திறந்தோம். உள்ளே வெள்ளைப் பார். காயில் இருக்கிற இடமே தெரியவில்லை. ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது அதைப் பற்றி இல்லை. மூடியைக் கழற்றியதும் வேறொன்று கண்ணில் பட்டது. சூடு எல்லை மீறினால் கரண்டைத் துண்டிக்கிற கட்-அவுட்டைத் தாண்டி, ஒரு துண்டு வயர் நேராகக் கட்டியிருந்தது. சுத்தமான முறுக்கு, அழகாக டேப் சுற்றியிருந்தது. அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று வீட்டில் சலித்திருப்பார்கள். யாரோ ஒருவர், நம் தொழில் ஆள்தான், அந்தச் சலிப்பை நிறுத்த அதைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஓடாவி அந்த வயரைப் பார்த்தார். “இது என்னதுவே?”

“இதுவும் ஒரு கலப்பத்துதான் அண்ணாச்சி,” என்றேன்.

தெரியாமல் அடைத்தவர் அவர். அதற்காக அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்து நின்றார். தெரிந்து அடைத்தவர் அன்றைக்கு எந்தத் தெருவில், எந்த வீட்டில், யாருடைய நன்றியை வாங்கிக்கொண்டிருந்தாரோ. அந்த வயர்த் துண்டு என் பையில் கடைசிவரை இருந்தது. உங்கள் முறுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி, அதைக் கட்டுவதற்கு முன், அந்தக் கதவுக்குப் பின்னால் ஒருத்தி சீயக்காய் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த வீட்டில் வேறு கீசர். வால்வுக்கு அடியில், தோணிக்கு மிஞ்சிய தேக்குத் துண்டில் ஓடாவியே செதுக்கிய ஒரு சின்ன வாய்க்கால். சொட்டுகிற தண்ணீர் அதில் இறங்கி, ஒரு சத்தமும் இல்லாமல், மூலையில் இருக்கிற வாளிக்குப் போகிறது. கொஞ்ச நாளில் அவர் அந்த வாய்க்காலின் முனையைச் செதுக்கிக் கூராக்கிவிட்டார், சத்தம் கேட்க வேண்டுமாம். கேட்டால்தான் தூக்கம் வருகிறதாம்.

எனக்கு இன்றும் அவரிடமிருந்து போன் வரும்.

“வே, ரெண்டு நாளாச் சொட்டக் காணோம். வந்து பாரும்.”

“கீசரைப் போட்டியளா அண்ணாச்சி?”

“இல்ல. கோடைலா, யாரு போடுதா?”

போடாத கீசர் எப்படிச் சொட்டும் என்று நான் கேட்டதில்லை. போயிருக்கிறேன். இனி என்னால் முடியாது, உங்கள் எண்ணைத்தான் அவரிடம் கொடுத்திருக்கிறேன். கூப்பிட்டால் சிரிக்காமல் போங்கள். சுவிட்சைப் போடுங்கள். அவர் ஒரு நாற்காலி இழுத்துப் போடுவார், உட்காருங்கள். தண்ணீர் சூடாகட்டும். முதல் சொட்டு விழுந்து, அதை அவர் காதால் கேட்ட பிறகு எழுந்து வாருங்கள்.